நூறில் தொடங்கி அறுபதில் முடிந்த போர்வை

பேருந்து நிலையத்தில் ‘விசாரணை’ என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள் அவள். அந்த நாற்காலி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். நம்புவதற்காக யாரும் விசாரிப்பதில்லை. “நாலாவது மேடை, பத்து நாற்பதுக்கு” என்று சொல்வாள். கேட்டவர் தலையை ஆட்டுவார். ஆட்டின தலையோடு நேரே எதிரே டீ ஆற்றுகிறவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்பார். டீக்காரர் பாலைத் தூக்கி ஊற்றியபடியே “நாலு” என்பார். கேட்டவர் முகம் அப்போதுதான் தெளியும். டீக்காரருக்கு அந்தத் தகவலைக் காலையில் சொன்னதே இவள்தான்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? கணவர் ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் பல்செட் செய்கிறவர். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மகளுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. ஊர்ப் பொதியெல்லாம் எங்கே இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். தன் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று மட்டும் தெரியாது. “கதவுக்குப் பின்னாடி மாட்டு, தொலையாது” என்று அம்மா ஆறு வருடமாகச் சொல்கிறாள். சாவியும் ஆறு வருடமாகத் தொலைகிறது.

இப்படிப்பட்டவளை நான்கு வருடம் முன்பு மகள்தான் ‘நூலும் ஊசியும்’ என்ற இணையக் குழுவில் சேர்த்துவிட்டாள். குரோஷா ஊசியால் பின்னுகிறவர்களின் குழு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு பெண் தான் பின்னிய குல்லாயின் படத்தைப் போட்டு, ஏன் இது தட்டு மாதிரி விரிந்துகொண்டே போகிறது என்று கேட்டிருந்தாள். இவள் கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில், நான்காவது வரிசையோடு கண்ணிகளை, அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்களை, கூட்டுவதை நிறுத்தும்படி பதில் போட்டாள். மறுநாள் அந்தப் பெண் குல்லாயை மகன் தலையில் மாட்டிப் படம் போட்டாள். “அக்கா சொன்ன மாதிரியே செஞ்சேன், வந்துடுச்சு!” என்று எழுதியிருந்தாள்.

சொன்ன மாதிரியே செஞ்சேன். அந்த மூன்று சொல்லை அவள் அன்றைக்குப் பதினோரு முறை படித்தாள். நடுவில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி ஏதோ ஊர்ப் பேருந்தைக் கேட்டார். “டீக்காரரக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது முறையும் படித்தாள்.

அதிலிருந்து குழுவில் அவளுடைய ராஜ்ஜியம் தொடங்கியது. சால்வை சுருண்டால், பை தொங்கினால், பொம்மைக்கு ஒரு காது பெரிதாகிவிட்டால் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கேள்விக்கும் அவளுடைய முதல் பதில் ஒன்றே: “கண்ணியை எண்ணினீர்களா?” பத்தில் ஒன்பது பேர் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு வந்து நன்றி சொல்வார்கள். அவளுக்குக் கண்ணியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் ஊழியர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது.

இதில் குழுவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கண்ணியக்கா இதுவரை எதையும் பின்னி முடித்ததில்லை.

பின்னத் தெரியாமல் இல்லை. கை நல்ல கை. ஆனால் பாதியில் எங்காவது ஒரு கண்ணி இறுக்கமாகவோ தொளதொளப்பாகவோ கண்ணில் பட்டுவிடும். பட்டுவிட்டால் தீர்ந்தது. ஊசியை உருவி, நூலைப் பிடித்து இழுத்து, மொத்தத்தையும் அவிழ்த்துப் பந்தாகச் சுற்றிவிடுவாள். வீட்டில் ஒரு நீல நூல் பந்து இருந்தது. அது இரண்டு முறை ஸ்வெட்டர், இரண்டு முறை குல்லாய், மூன்று முறை கைப்பையாகப் பிறக்கப் பார்த்துக் கருவிலேயே கலைந்தது. “அந்த நூலுக்கு ஏழு ஜென்மம் ஆயிடுச்சு, இன்னும் மோட்சம் கிடைக்கல” என்பார் கணவர்.

குழுவை நடத்துகிறவர் ஒரு பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நர்சம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். குழுவுக்கு எட்டு விதிகள் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது விதி: ஒருவர் பின்னலில் இன்னொருவர் குறை சொல்லக் கூடாது, கேட்டால் மட்டும் ஆலோசனை. சண்டை வரக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்டது. நல்ல எண்ணத்தில் போட்ட விதி என்ன வேலை பார்க்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் நர்சம்மா ஒரு கூட்டுப் பின்னல் அறிவித்தார். வார்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போர்வை. விருப்பமுள்ளவர்கள் எல்லாரும், எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எழுதிய ஒரே மாதிரியில் ஆளுக்கொன்று பின்ன வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலேயே கூடி ஒப்படைப்பது. “மாதிரியை நம்ம கண்ணியக்கா எழுதித் தருவாங்க” என்று அவரே அறிவித்தும் விட்டார்.

கண்ணியக்கா மூன்று நாள் கவுண்டரில் உட்கார்ந்து, பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில் அதை எழுதினாள். நூறு கண்ணி அகலம், எண்பது வரிசை நீளம். குரோஷாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரிசையும் மூன்று சங்கிலி போட்டு ஏறித் தொடங்கும். அந்தச் சங்கிலியும் ஒரு கண்ணி என்றே கணக்கு. அடுத்த வரிசை திரும்பி வந்து முடியும்போது, அந்தச் சங்கிலியின் தலையில் மறக்காமல் கடைசிக் கண்ணியைப் போட வேண்டும். போகும் வரிசைக்கு அதை அவள் தெளிவாக எழுதினாள். திரும்பும் வரிசைக்கு எழுதும் இடத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். யார், எந்த ஊருக்குப் போக என்று பிற்பாடு யோசித்து யோசித்துப் பார்த்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. நினைவிருந்திருந்தால் அந்த ஆளை அந்த ஊரிலேயே போய்ப் பார்த்திருப்பாள்.

பின்னிப் பார்க்காமலே மாதிரியை வெளியிட்டாள். நூற்றெண்பது இதயக்குறி விழுந்தது. நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒரே ஒரு ஆண். எட்டு மாடித் துணிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறவர். புகை பிடிப்பதை விடச் சொன்ன டாக்டர், கைக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படியும் சொல்ல, மனைவியின் குரோஷா ஊசியை எடுத்தவர். லிஃப்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்து பின்னுவார். “தரையிலேருந்து எட்டாவது மாடி போறதுக்குள்ள பதினாலு கண்ணி, நடுவுல யாரும் ஏறலன்னா” என்று அறிமுகத்திலேயே எழுதியிருந்தார். லிஃப்டண்ணன் என்றார்கள். ஆள் சந்தேகப் பிராணி. ஊசியை எந்தக் கையில் பிடித்தால் நல்லது என்பதில் தொடங்கி ஒரு நாளைக்கு நான்கு கேள்வி கேட்பார்.

பின்னல் தொடங்கிய ஐந்தாம் நாள் அவர் எழுதினார்: “கண்ணியக்கா, ஒரு டவுட்டு. என் போர்வை ஒரு பக்கமா ஒடுங்குது.”

“கண்ணியை எண்ணினீர்களா?”

“எண்ணினேங்க. முதல் வரிசை 100. ரெண்டாவது 99. மூணாவது 99. நாலாவது 98. அஞ்சாவது 98. ஆறாவது 97.”

கண்ணியக்காவுக்குச் சுருக்கென்றது. எண்ணினீர்களா என்ற கேள்விக்கு எண்ணிக்கையோடு வந்து நின்ற முதல் ஆள் இவர்தான். “லிஃப்டில் உட்கார்ந்து எண்ணினால் அப்படித்தான் இருக்கும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எண்ணுங்கள், அண்ணா” என்று எழுதினாள். முப்பது பேர் சிரிப்புக்குறி போட்டார்கள். லிஃப்டண்ணனும் ஒன்று போட்டார். அதன் பிறகு போர்வையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

முடித்தவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. எல்லாரும் எல்லாரையும் பாராட்டினார்கள். ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கையில் நர்சம்மா போன் பண்ணினார்.

“அக்கா, எல்லாரும் கேக்கறாங்க. உங்க கையால ஒண்ணு வேணாமா? நீங்களே இல்லாம எப்படி?”

“எனக்கு டியூட்டி...”

“எனக்கு மட்டும் என்ன, வார்டுல பிரசவத்த நிறுத்தி வெச்சிருக்காங்களா? ஒண்ணே ஒண்ணு. முடியாதுன்னு சொல்லிடாதீங்க.”

நீலப் பந்து எட்டாவது ஜென்மம் எடுத்தது. இந்த முறை அவிழ்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். ஐம்பத்திரண்டாவது வரிசையில் மடியில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி வந்து அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். இது கோணலா, இல்ல மேசை கோணலா?”

கணவர் பட்டறை ஸ்டீல் ஸ்கேலோடு வந்தார். பல்செட்காரருக்கு ‘சுமார்’ என்ற சொல் ஆகாது. கீழே வைத்து அளந்தார், மேலே வைத்து அளந்தார். “கீழ இருபத்தஞ்சு இன்ச். மேல பதினெட்டரை. மேசை நேராத்தான் இருக்கு.”

“நான் எண்ணித்தான் போட்டேன்.”

“எத எண்ணின?”

“வரிசைய.”

“கண்ணிய?”

உலகத்துக்கே எண்ணச் சொன்னவளுக்குத் தன் மாதிரி மேல் அவ்வளவு நம்பிக்கை. கணவர் அவள் போனை வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இறக்கி, மாதிரியை வரி வரியாகப் படித்தார். இருபது நிமிடம் ஆனது. மனைவி எழுதிய எதையும் அவர் இவ்வளவு கவனமாகப் படித்தது கல்யாணத்துக்கு முன்பு வந்த கடிதங்களுக்குப் பிறகு இதுதான்.

“போற வரிசைக்குக் கடைசிக் கண்ணி சொல்லியிருக்க. வர்ற வரிசைக்குச் சொல்லல. ரெண்டு வரிசைக்கு ஒண்ணு கழண்டுக்குது. எண்பது வரிசைக்கு நாப்பது போயிடும். நூறுல ஆரம்பிச்சு அறுபதுல முடியும்.” பூதக்கண்ணாடியை மேலே தள்ளினார். “இத நீ போட்டுப் பாக்கலயா?”

“எழுதறதுக்கு எதுக்குப் போட்டுப் பாக்கணும்?”

“பொக்க வாயில வெச்சுப் பாக்காம ஒரு பல்செட்டையும் நான் வெளிய விட்டதில்ல. நீ நாப்பத்தொரு வாய்க்கு ஒரே நாள்ல மாட்டி அனுப்பிட்ட.”

அவள் போனைப் பிடுங்கிக் குழுவில் வந்த படங்களைத் திரும்பப் பார்த்தாள். முன்பு பாராட்டிய அதே படங்கள். ஒருவர் போர்வையின் மேல் மூலையில் பூனை படுத்திருந்தது. இன்னொருவர் அதே இடத்தில் பூச்சாடி வைத்திருந்தார். ஒருவர் மேல் பாதியை அழகாக மடித்து ரிப்பன் கட்டியிருந்தார். ஒருவர் படத்தையே மேல்பக்கம் வெட்டியிருந்தார். ஒருவர் தன் சொந்தக் குழந்தையை அந்த மூலையில் படுக்க வைத்திருந்தார். குழந்தைக்கு ஏழு வயது இருக்கும். நாற்பது வீட்டில் நாற்பது கோணல் போர்வை. ஒவ்வொருத்தியும் தன் கைதான் கோணல் என்று நினைத்து, கண்ணியக்கா கேட்கப்போகும் அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஒளித்து வைத்திருக்கிறாள்.

“அம்மா, இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?” என்றாள் மகள். “மாதிரிய எடிட் பண்ணி அந்த ஒரு வரியச் சேத்துடு. யாரு பாக்கப் போறா? அவங்கவங்க தப்புன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்.”

“தப்பில்லயாடி?”

“தப்புதான். ஆனா வசதியான தப்பு.”

வசதி அவளுக்கும் தெரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஒரு இடத்தில்தான் அவள் சொன்னதை மனிதர்கள் அப்படியே கேட்டார்கள். அந்த இடமும் போய்விட்டால் மிச்சம் அந்தக் கண்ணாடியும் நாலாவது மேடையும்தான். எடிட் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அப்போதுதான் லிஃப்டண்ணனின் பதிவு வந்தது. “எல்லாருக்கும் வணக்கம். நாலு தடவை அவுத்துட்டு, அஞ்சாவது தடவை போட்டு முடிச்சேன். அப்பவும் ஒரு பக்கம் ஒடுங்கித்தான் இருக்கு. வீட்டுல அமைதியா உக்காந்து எண்ணியும் பாத்துட்டேன். உங்க எல்லாருக்கும் நல்லா வந்திருக்கு, எனக்குத்தான் கை வரல. பச்சப் புள்ளைங்களுக்குப் போய்க் கோணப் போர்வை குடுக்கக் கூடாது. நான் விலகிக்கறேன். மிச்ச நூல் நாலு பந்து இருக்கு, யாருக்காவது வேணும்னா துணிக்கடை லிஃப்டுல வந்து வாங்கிக்கலாம்.”

“போச்சு” என்றாள் கண்ணியக்கா.

“என்னம்மா?”

“அந்த மனுஷன் ஒருத்தர்தான் எண்ணினாரு.”

எடிட்டிலிருந்து வெளியே வந்து, புதிய பதிவு தட்டினாள். கணவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, “சுருக்கமா எழுது, காரணம் சொல்லாத” என்றார். அவள் காரணம் சொல்லி ஒரு பத்தி எழுதி, அதை அழித்தாள். கடைசியில் போனது இவ்வளவுதான்: “லிஃப்டண்ணன் கை சரி. என் மாதிரி தப்பு. திரும்பும் வரிசையில் கடைசிக் கண்ணியை எழுத விட்டுவிட்டேன். பின்னிப் பார்க்காமல் போட்டேன். அவர் முதல் வாரமே எண்ணிக்கையோடு சொன்னார், நான் அவரைக் கிண்டல் பண்ணினேன். மன்னிக்கணும், அண்ணா. எல்லாருடைய போர்வையும் கோணலாகத்தான் இருக்கும். என்னுடையதும்.” கூடவே மேசையில் விரித்த தன் நீலக் கோணலின் படம், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலோடு.

பதினொரு நிமிடம் குழுவில் ஈ காக்காய் இல்லை. பிறகு மடை உடைந்தது.

“அப்பாடா! நான் என் மாமியாரத் திட்டிட்டேங்க, நான் இல்லாத நேரத்துல அவங்கதான் எடுத்து நாலு வரிசை போட்டுக் கெடுத்துட்டாங்கன்னு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?”

“நான் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துட்டேன். புதுக் கண்ணாடி போட்டிருக்கேன். பழசே போதுமாம்.”

“பூனைய அந்த மூலையில படுக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“அக்கா, உங்க மேல கோவமே இல்ல” என்று ஒருவர் எழுதினார். “எனக்கு இருக்கு” என்று அதற்குக் கீழேயே இன்னொருவர். “மூணு ராத்திரி அழுதிருக்கேன்.” கண்ணியக்கா எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றையும் தாண்டவில்லை.

நடுவில் ஒரு பெண், அனுபவசாலி, தயங்கித் தயங்கி எழுதினாள்: “எனக்கு முதல் நாளே தெரிஞ்சுது. எழுத்துப்பிழைன்னு நானே சரி பண்ணிக்கிட்டேன். மூணாவது விதி இருக்கேன்னு சொல்லல.” அவளைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர், தாங்களும் அப்படித்தான் என்று கை தூக்கினார்கள். அவ்வளவுதான். கண்ணியக்கா மேல் பாய வேண்டிய கோபம் மொத்தமும் திசை திரும்பி அந்த நான்கு பேர் மேல் பாய்ந்தது. தெரிஞ்சும் வாயத் தொறக்கலயா? நல்லா இருக்கு உங்க நியாயம்! பூனைப் படத்துக்கு இதயம் வேற போட்டீங்களே! போர்வையைச் சரியாகப் பின்னிய பாவத்துக்கு நான்கு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

நர்சம்மா இடையில் புகுந்தார். “சண்டைய அப்புறம் போடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஒம்பது நாள் இருக்கு. முப்பத்தேழு கோணப் போர்வைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவுத்துத் திரும்பப் போட முடியுமா?” முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு வழி சொன்னது லிஃப்டண்ணன். “ஒரு யோசனை, தப்பா இருந்தா சொல்லுங்க. எங்க லிஃப்டுல துணி கொண்டு வர்ற தள்ளுவண்டி ஒரு முனையில அகலம், ஒரு முனையில ஒடுக்கம். ரெண்டு வண்டியையும் ஒரே மாதிரி ஏத்தினா கதவு மூடாது. ஒண்ண நேரா விட்டு இன்னொண்ணத் தலைகீழாத் திருப்பி விட்டா, கட்டம் மாதிரி உக்காந்துடும். போர்வைய அப்படி வெச்சுப் பாத்தா என்ன? எல்லாம் ஒரே கணக்குலதான கோணலா இருக்கு?”

பல்செட்காரர் இதைக் கேட்டதும் பழைய காகிதத்தில் இரண்டு கோணல் வெட்டி, ஒன்றைத் தலைகீழாக வைத்துப் பொருத்தினார். “அடடா! நூறும் அறுபதும் நூத்தறுபது. அந்தப் பக்கமும் அறுபதும் நூறும். சதுரம்! யாருடி அந்த ஆளு? நம்ம பட்டறைக்கு வருவாரா?”

இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்தால் பதினெட்டு ஜோடி. கடைசியில் ஒன்று மிஞ்சும். மிஞ்சியது லிஃப்டண்ணனுடையது. நூல் கடுகு நிறம். யாருடைய நிறத்தோடும் ஒட்டவில்லை என்று எல்லாரும் நாசூக்காக ஜோடி மாறிக்கொண்டார்கள்.

“என்னுடையதோடு சேர்க்கலாம், அண்ணா” என்று கண்ணியக்கா எழுதினாள். “நீலம். இன்னும் இருபத்தெட்டு வரிசை இருக்கு. முடிச்சுடறேன். தைக்கற வேலையும் எல்லாருடையதும் என்னோடது. போர்வையைக் கூரியர்ல அனுப்பிடுங்க.”

அந்த இருபத்தெட்டு வரிசை அவள் வாழ்க்கையில் பட்ட பெரிய கஷ்டங்களில் ஒன்று. ஜோடி சேர வேண்டுமென்றால் அவளுடைய போர்வையும் அதே அளவு கோணலாக முடிய வேண்டும். அதாவது, தப்பு என்று தெரிந்தும், ஒவ்வொரு திரும்பும் வரிசையிலும் அந்தக் கடைசிக் கண்ணியை வேண்டுமென்றே விட வேண்டும். தப்பைக் கண்டால் அவிழ்க்கும் கை, தப்பைக் கண்டும் மேலே போக வேண்டும். ஒவ்வொரு முனையிலும் விரல் தானாக அந்தச் சங்கிலித் தலைக்குள் நுழையப் பார்த்தது.

கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். “அறுபத்தாறாவது வரிசை. விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“காட்டு. ம். கரெக்டா தப்பா இருக்கு. அடுத்தது போ.”

“நீங்க போய் உங்க பல்லப் பாருங்களேன்.”

“நான் போனா நீ சரியாப் போட்டுடுவ. அறுபத்து நாலுல பாத்தேன், கை போச்சு.”

“நமைக்குதுங்க.”

“நமைக்கட்டும்.”

எண்பதாவது வரிசையில் மகளும் வந்து நின்று எண்ணினாள். அறுபது. திரும்ப எண்ணினாள். அறுபதுதான். கண்ணியக்கா நூலை வெட்டி முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் தேட வேண்டியிருந்தது. அந்த நூலுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

கூரியர் கம்பெனியில் மகள் ஒரு மூலையைப் பிடித்து வைத்தாள். தினமும் சாயந்தரம் பொதிகளோடு வந்தாள். ஆறு நாளில் பத்தொன்பது ஜோடி. கண்ணியக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு தைத்தாள். சிலருடைய பின்னல் தகடு மாதிரி இறுக்கம், சிலருடையது வலை. ஒன்றோடொன்று சேர்க்கும்போது ஒன்று நீண்டது, ஒன்று இழுத்தது. நான்கு வருடமாக ஆலோசனை சொன்ன கைகளை எல்லாம் முதல் முறையாகத் தொட்டுப் பார்த்தாள். “இவளுக்கு ஊசிய மாத்தச் சொன்னேன், மாத்தவே இல்ல பாருங்க” என்று ஒன்றைத் தூக்கிக் கணவரிடம் காட்டினாள். “சொன்ன மாதிரியே செஞ்சேன்னு எழுதினாளே!”

“அவ உன் மனசு நோகக் கூடாதுன்னு எழுதியிருப்பா” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையின் ஊழியர் சாப்பாட்டறையில் எல்லாரும் கூடினார்கள். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பூனைக்காரி பூனை இல்லாமல் வந்திருந்ததால் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. சரியாகப் பின்னிய நான்கு பேரும் ஒரு மேசையில் தனியாக, குற்றவாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்டண்ணன் படத்தில் பார்த்ததைவிடக் குட்டையானவர். தேய்த்த சட்டையும் கையில் ஒரு துணிக்கடைப் பையுமாக வாசலிலேயே நின்றிருந்தார்.

“உள்ள வாங்கண்ணா” என்றாள் கண்ணியக்கா.

“இருக்கட்டுங்க. கதவுப் பக்கம் நின்னே பழகிடுச்சு.”

“அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது...”

“அத விடுங்கக்கா. நீங்க சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு. ஆறாவது மாடியில வரிசையக் கூட்டம் கலைச்சுடுது.”

நர்சம்மா போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சேர்த்துத் தைத்தவை தொட்டிலைத் தாண்டித் தொங்கும் அளவு. “இது பொறந்த குழந்தைக்கா, இல்ல பொறந்த குழந்தையோட அப்பாவுக்கா?” என்றார். “சரி, ரெண்டா மடிச்சா கதகதப்பு. பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஆகும். எத்தனை இருக்கு? இருபத்து மூணு. எனக்குப் போதும்.” பிறகு எல்லாரையும் பார்த்து, மூன்றாவது விதியை இன்றோடு எடுத்துவிட்டதாகச் சொன்னார். கை தட்டல் பலமாக இருந்தது. கையோடு, பாதிப் பேர் பக்கத்தில் உள்ளவர்களின் போர்வையில் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

“அதோட இன்னொண்ணு” என்றார் நர்சம்மா. “இனிமே யாரு மாதிரி எழுதினாலும், கண்ணியக்காவா இருந்தாலும்...”

“கண்ணியக்காவா இருந்தா கண்டிப்பா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. கண்ணியக்காவும் சிரித்தாள், சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

“...யாரா இருந்தாலும், முதல்ல ஒருத்தர் பின்னிப் பாக்கணும். லிஃப்டண்ணன் பின்னி, எண்ணிக்கை போட்ட பிறகுதான் குழுவுக்கு வரும். சரியாக்கா?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான்கு வருடமாக அவள் சொன்னதை யாரும் சரிபார்த்ததில்லை. இனிமேல் ஒவ்வொன்றையும், லிஃப்டில் ஏறி இறங்கி, ஒரு மனிதர் சரிபார்ப்பார்.

“சரி” என்றாள். “ஆனா அவரு போட்டதையும் நான் எண்ணுவேன்.”

நர்சம்மா கடைசியாக நீலமும் கடுகும் சேர்ந்த போர்வையை எடுத்து மடித்தார். மடிக்கும்போது கண்ணியக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. லிஃப்டண்ணன் பின்னல் இறுக்கம், அவளுடையது தளர்வு. இரண்டும் சேர்ந்த கீழ் ஓரத்தில் நீலம் ஒரு அங்குலம் நீண்டு, நாக்கு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கை தானாக நீண்டது.

“நர்சம்மா, அத மட்டும் கொஞ்சம் குடுங்க. அஞ்சு நிமிஷம்.”

“எதுக்கு?”

“ஓரத்துல ஒரு சின்ன...”

“கைய எடுங்கக்கா.”

“தையல மட்டும் பிரிச்சுட்டு...”

“மூணாம் நம்பர் கட்டில்ல இன்னைக்குக் காலையில ஒண்ணு பொறந்திருக்கு. ரெண்டே முக்கால் கிலோ. அதுக்கு ஓரம் பாக்கத் தெரியாது.” அவர் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. ஊழியர் தவிர மற்றவர் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது.

கண்ணியக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்டண்ணன் பக்கத்தில் வந்தார்.

“என்னக்கா, எங்க தப்பு?”

“கீழ் ஓரம். ஒரு அங்குலம் துருத்திக்கிட்டிருக்கு.”

“என் பக்கமா, உங்க பக்கமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “தச்சது நான்தான்.”

“அப்ப சரி” என்று அவர் துணிக்கடைப் பையைத் திறந்து, பாதி பின்னிய எதையோ வெளியே எடுத்தார். “ஒரு டவுட்டுக்கா. இங்க பதினேழு வருது. பதினெட்டு வரணுமில்ல?”

“குடுங்க பாப்போம்” என்று அவள் அதை வாங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.